மருந்து எங்கே இருக்கிறது?

அறிவியல் ஆசிரியர் நீண்ட விடுப்பில் சென்றுவிட, அவர் வகுப்புகளில் ஒன்று நம்மிடம் வந்து சேர்ந்தது. நாமோ கலைப்பட்டம் பெற்றவர். வரலாறும் தமிழும் நம் துறை. ஈரல் எங்கே, இரைப்பை எங்கே என்பதை முதல்நாள் இரவு உட்கார்ந்து படித்துக்கொண்டுதான் மறுநாள் வகுப்புக்குப் போனோம். கரும்பலகையில் இரைப்பையை வரைந்து, "உண்ட சோறு இங்கே மூன்று நான்கு மணி நேரம் தங்கும், அதன்பின் சிறுகுடலுக்குப் போய்விடும்" என்றோம். மூன்றாம் வரிசையில் ஒரு சிறுமி எழுந்து நின்றாள்.

"சார், சோறு நாலு மணி நேரத்துல போயிரும்னா, எங்க அம்மா வயித்துல ரெண்டு வருசமா மருந்து எப்பிடி சார் கெடக்கு?"

வகுப்பு சிரிக்கவில்லை, தோழர்களே! சிரித்திருந்தால் நாமும் சிரித்துவிட்டு அடுத்த படத்துக்குப் போயிருப்போம். நாற்பது பிள்ளைகளும் அதை நியாயமான கேள்வி என்றே கருதினர், விடைக்குக் காத்திருந்தனர். பாடநூல் பொய்யா, பாட்டி சொன்னது பொய்யா? இரண்டும் எப்படி மெய்யாகும்? அந்தச் சிறுமி கேட்டது இதைத்தான். பட்டம் பெற்றவர் பலர் கேட்க அஞ்சும் கேள்வியைப் பட்டாசுத் தொழிலாளியின் மகள் கேட்டுவிட்டாள்.

வெளியூர் வாசகருக்கு ஒரு விளக்கம். விருதுநகர் மாவட்டத்தில், அதிலும் சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரத்தில், 'மருந்து' என்னும் சொல்லுக்குப் பொருள் ஒன்றல்ல. மருத்துவமனையில் தருவது மருந்து. ஆலையில் வெடியுப்பும் கந்தகமும் அலுமினியப் பொடியும் கலந்து வைத்திருப்பதும் மருந்து. மூன்றாவது ஒன்று உண்டு. அதைக் கண்டவர் எவருமில்லை, அஞ்சாதவர் சிலரே. பகையாலோ, பொறாமையாலோ, ஆளை மயக்கவோ சோற்றிலும் குழம்பிலும் கலந்து கொடுப்பதாகச் சொல்லப்படும் இடுமருந்து! அது வயிற்றின் ஓரத்தில் ஒட்டிக்கொள்ளுமாம். ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடக்குமாம். ஆளை உருக்குமாம், இருமவைக்குமாம், சோறு செல்லாமல் செய்யுமாம். அதை எடுக்கத் தனி ஆள் உண்டு. 'மருந்து எடுக்கப்படும்' என்று சுவரில் எழுதிப்போட்டுத் தொழில் நடத்துகிறார்.

சிறுமியின் தாய் பட்டாசு ஆலையில் வேலை பார்ப்பவர். தரைச்சக்கரத்துக்கும் பூச்சட்டிக்கும் மருந்து செலுத்தும் வேலை. மாலையில் பேருந்தை விட்டு இறங்கும்போது அவர் கையும் கழுத்தும் வெள்ளி பூசியது போல் மின்னும். தொலைவில் நின்று பார்க்கும் கவிஞனுக்கு அது அழகாகத் தெரியலாம். மூத்த மகன் அச்சகத்தில் வேலை செய்கிறான். இரண்டு ஆண்டுக்கு முன் உடன் வேலைசெய்த பெண்ணை மணந்துகொண்டான். பெண் வேறு சாதி. தாய் முதலில் அழுதார், பிறகு ஏற்றார். ஓராண்டு நன்றாகவே சென்றது. அதன்பின் தாய்க்கு இருமல் வந்தது. மாலையானால் காய்ச்சல். உடல் மெலிந்தது. சோறு கசந்தது.

ஊர் கூடிக் காரணம் கண்டது. கிருமியா? இல்லை. தூசியா? இல்லை. பட்டினியா? இல்லவே இல்லை. மருமகள்! "அவ வந்த நாள்ல இருந்துதான இப்படி? மகனை மயக்கினவ மாமியாளை விட்டுவைப்பாளா?" இவ்வளவுதான் ஆராய்ச்சி. தீர்ப்பும் உடனே ஆயிற்று. அந்தப் பெண் தன் தாய்வீட்டுக்கு அனுப்பப்பட்டாள். "மதினி நல்லாத்தான் சார் சோறு போடும்" என்று சிறுமி நம்மிடம் சொன்னாள். அவள் சாட்சியத்தை யார் கேட்டார்கள்?

மருந்து எடுப்பவரிடம் இரண்டு முறை போயிருக்கிறார்கள். இரண்டாம் முறை நடந்ததைச் சிறுமி கூடவே இருந்து பார்த்திருக்கிறாள். வெறும் வயிற்றோடு வரச்சொன்னார். ஒரு குழாயின் முனையைத் தாயின் தொப்புளுக்கு மேலே வைத்தார். மறுமுனையைத் தம் வாயில் வைத்து உறிஞ்சினார். பின்பு ஒரு தட்டில் துப்பினார். கருப்பாக, மயிரும் பிசினும் கலந்த ஓர் உருண்டை! "இரண்டு வருசத்துச் சரக்கு, இன்னும் வேர் இருக்கிறது, அடுத்த அமாவாசைக்கு வாருங்கள்" என்றார். தாய் ஒருவார காலம் நன்றாக இருந்தார். அச்சம் நீங்கினால் உறக்கம் வரும். உறக்கம் வந்தால் உடல் சற்றுத் தெளியும். இதில் மந்திரமும் இல்லை, மருந்தும் இல்லை. எட்டாம் நாள் இருமல் திரும்பி வந்தது.

இங்கே நிறுத்திக் கேட்போம். தோலின் மேல் குழாயை வைத்து உறிஞ்சினால், தோலுக்கும் சதைக்கும் இரைப்பைச் சுவருக்கும் அப்பால் கிடக்கும் உருண்டை எந்தத் துளை வழியாக வந்தது? வயிற்றில் துளை இருந்தால் அந்த அம்மையார் பிழைத்திருப்பாரா? துளை இல்லையென்றால் உருண்டை எங்கிருந்து வந்தது? வந்த இடம் ஒன்றுதான். அது உறிஞ்சியவரின் வாய்.

சரி, அவரை விட்டுவிடுவோம். அவருக்கு அது பிழைப்பு. இடுமருந்து என்னும் கொள்கையையே எடுத்துக்கொள்வோம். ஒரு பொருள் வயிற்றுக்குள் போகிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு இரண்டு வழிகள்தான் உண்டு. ஒன்று, குடல் அதை உறிஞ்சிக் குருதியில் சேர்க்கும். அல்லது உறிஞ்சாமல் கழிவோடு வெளியே தள்ளும். உறிஞ்சப்பட்டதென்றால் அது வயிற்றில் இல்லை. குழாய் வைத்து எடுக்க அங்கே ஒன்றும் கிடையாது. உறிஞ்சப்படவில்லையென்றால் அது குருதிக்குள் போகவில்லை. போகாத பொருள் நெஞ்சை எப்படி இருமவைக்கும், மகனின் மனத்தை எப்படி மயக்கும்? வயிற்றிலும் கிடக்க வேண்டும், உடலெங்கும் வேலையும் செய்ய வேண்டும் என்றால், ஒரே பயணி பேருந்து நிலையத்தில் படுத்துக்கொண்டே மதுரைக்கும் போய்ச் சேர்ந்தான் என்று சொல்வது போலத்தான்!

'வயிற்றுக்குள் நடப்பதை யார் கண்டார்?' என்று கேட்போர் உண்டு. கண்டிருக்கிறார்கள்! 1822ஆம் ஆண்டு சூன் திங்களில், அமெரிக்காவில் மேக்கினா தீவில், அலெக்சிசு செயின்ட் மார்ட்டின் என்னும் இளைஞனின் வயிற்றில் துப்பாக்கிக் குண்டு பாய்ந்தது. வில்லியம் போமாண்ட் என்னும் படை மருத்துவர் அவனைக் காப்பாற்றினார். ஆனால் காயம் முழுவதும் மூடவில்லை. இரைப்பைக்கு ஒரு சன்னல் வைத்தது போல் துளை நிலைத்துவிட்டது. அந்தத் துளை வழியே போமாண்ட் உணவைப் பட்டுநூலில் கட்டி உள்ளே விட்டார்; மணிப்பொறியைப் பார்த்து வெளியே எடுத்தார்; எது எவ்வளவு நேரத்தில் கரைகிறது என்று பல ஆண்டுகள் குறித்துவைத்தார். 1833இல் நூலாக வெளியிட்டார். வேகவைத்த அரிசிக்கு அவர் எழுதிய கணக்கு 1 மணி நேரம். வறுத்த மாட்டிறைச்சிக்கு 3 மணி. ஆண்டுக்கணக்கு என்று எந்தப் பொருளுக்கும் அவர் எழுதவில்லை. இன்றோ துளையும் வேண்டாம், குண்டும் வேண்டாம். வளையும் கண்ணாடி இழைக் குழாயால் இரைப்பையின் உட்சுவரைப் பார்க்கும் முறை 1957இல் வந்துவிட்டது. அதன்பின் உலகெங்கும் எண்ணற்ற வயிறுகளை மருத்துவர்கள் உள்ளே நோக்கிவிட்டனர். புண் கண்டனர், கட்டி கண்டனர், பிள்ளைகள் விழுங்கிய காசையும், தன் மயிரையே தின்னும் நோயாளிகளின் மயிர்ப்பந்தையும் கண்டனர். மருமகள் இட்ட மருந்தை ஒருவரும் கண்டதில்லை. ஒட்டிக்கொள்வதற்குச் சுவராவது நிலைத்து நிற்கிறதா? இரைப்பையின் மேற்படலம் சில நாட்களுக்கு ஒருமுறை உதிர்ந்து புதிதாக வளர்கிறது. போன மாதத்துச் சுவரே இன்று இல்லை. அதில் இரண்டு ஆண்டுக்கு முன் ஒட்டியது மட்டும் இருக்கிறதாம்!

முன்பு உண்டது செரித்ததா என்று தெரிந்துகொண்டு பிறகு உண்பவனுக்கு மருந்தே வேண்டியதில்லை என்பது வள்ளுவர் கருத்து. 'மருந்து' என்று ஓர் அதிகாரமே வகுத்தவர் அவர். அந்த அதிகாரத்தின் பத்துக் குறளிலும் மருந்து எடுப்பவருக்கு வேலை தரவில்லை.

மெய்யான மருந்து போகும் வழி எது? காய்ச்சலுக்கு விழுங்கும் பாராசிட்டமால் மாத்திரையைப் பாருங்கள். இரைப்பையில் கரைகிறது. ஏறத்தாழ 6 மீட்டர் நீளமுள்ள சிறுகுடலுக்குப் போகிறது. குடலின் உட்சுவர் வழவழப்பான குழாய் அன்று. கோடிக்கணக்கான நுண்விரல்கள் நெருங்கி நிற்கும் வயல். அந்த விரல்கள் மருந்தை உறிஞ்சிக் குருதியில் சேர்க்கின்றன. அந்தக் குருதி நேரே ஈரலுக்குப் போகிறது. ஈரல் ஒரு சுங்கச்சாவடி. தன் பங்கைப் பிடித்துக்கொண்டுதான் மீதியை விடும். பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் மருந்து குருதியில் உச்ச அளவை அடைகிறது. ஒரு நாளுக்குள் அதில் பெரும்பகுதி சிறுநீரோடு வெளியேறிவிடுகிறது. ஆகவேதான் மருத்துவர் ஒரு நாளைக்கு மூன்று வேளை என்று எழுதுகிறார். ஒருமுறை உண்டது ஆண்டுக்கணக்கில் வயிற்றில் கிடக்குமானால், மருந்துக்கடைகள் மறுநாளே மூடப்பட வேண்டியதுதான்.

இதய நோயாளி நாவின் அடியில் வைத்துக்கொள்ளும் மாத்திரை ஒன்று உண்டு. அது நைட்ரோகிளிசரின். ஆம், டைனமைட்டின் உயிரான அதே வெடிப்பொருள்தான்! பட்டாசில் அது கிடையாது. ஆனால் வெடிமருந்து ஊர்க்காரர் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி. அதை விழுங்கினால் ஈரல் பெரும்பகுதியைச் சிதைத்துவிடும். நாவின் அடியில் வைத்தால் அங்குள்ள மெல்லிய சவ்வின் வழியே சுங்கச்சாவடியைச் சுற்றிக்கொண்டு நேரே குருதிக்குள் போய்விடும். டைனமைட் கண்ட ஆல்ஃபிரட் நோபலுக்கே, அவர் இறந்த 1896இல் மருத்துவர்கள் இதை எழுதிக்கொடுத்தனர். அது கிடக்கட்டும். டைனமைட் ஆலைத் தொழிலாளர் அதை விழுங்கவும் இல்லை, நாவில் வைக்கவும் இல்லை. கையால் தொட்டனர், ஆவியை மூச்சில் இழுத்தனர். விடுமுறை கழிந்து திங்கட்கிழமை வேலைக்கு வந்ததும் தலை பிளப்பது போன்ற வலி! தோலும் மூச்சும் கூட வாயில்கள்தாம் என்பதை அவர்கள் தலைவலி உலகுக்குக் கற்பித்தது.

நம் ஊருக்கே உரிய இன்னொரு பொருள் பேரியம். வானில் பச்சை ஒளி வீசுவது பேரியம் நைட்ரேட்டு. வயிற்றையும் குடலையும் கதிர்ப்படம் எடுக்கும் முன் மருத்துவமனையில் குடிக்கத் தரும் சுண்ணாம்புக் குழம்பு போன்ற நீரும் பேரியந்தான். அது பேரியம் சல்பேட்டு. முன்னது கரையும், குடல் உறிஞ்சும், உறிஞ்சினால் குருதியின் பொட்டாசியம் சரிந்து தசை சோரும், இதயம் தடுமாறும், உயிரே போகும். பின்னது கரையாது, குடல் தொடாது, போனபடியே வெளியே வந்துவிடும். 2003இல் பிரேசில் நாட்டில் கதிர்ப்பட மருந்தில் பேரியம் கார்பனேட்டு கலந்துவிட்டது. நீரில் கரையாத அந்தப் பொருள் இரைப்பையின் அமிலத்தில் கரைந்தது. மருந்தென்று நம்பிக் குடித்தவர் பலர் மாண்டனர். இறைவன் சினந்தானா? கோள் கெட்டதா? கரைந்தது, அதனால் கொன்றது. பொருளுக்கு ஒழுங்கு உண்டு. அந்த ஒழுங்கு மாமியாருக்கு ஒன்று, மருமகளுக்கு ஒன்று என்று மாறாது.

"மெல்லக் கொல்லும் நஞ்சு இல்லையா?" என்று கேட்டார் நண்பர் ஒருவர். உண்டு, மறைக்கவில்லை. ஈயம் எலும்பில் போய்ப் பல்லாண்டு தங்கும். ஆர்செனிக் மயிரிலும் நகத்திலும் தடம் விடும். அவற்றை ஆய்வுக்கூடம் கண்டுபிடிக்கும். கொடுத்தவரைக் காவல்துறை கண்டுபிடிக்க வேண்டும். அவை வயிற்றில் உருண்டையாக உட்கார்ந்திருப்பதில்லை. எவரேனும் நஞ்சு வைத்ததாக மெய்யாகவே ஐயமுண்டானால் ஓட வேண்டிய இடம் மருத்துவமனை. அமாவாசைக்காகக் காத்திருப்பது நஞ்சுக்கு நாள் கொடுப்பதாகும்.

ஆனால் தோழர்களே, இடுமருந்தின் உண்மையான இருப்பிடம் வயிறு அன்று. பழி போடத் தேடும் மனம்! ஆண் ஒருவன் சாதியைத் தாண்டிக் காதலித்தால், 'அவன் விரும்பினான்' என்று ஒப்புக்கொள்ள ஊருக்கு வாய் வருவதில்லை. விரும்பினான் என்றால் சாதியின் சுவர் தன்னால் தாண்டக்கூடிய சுவர்தான் என்று ஆகிவிடுமே! ஆகவே 'மருந்து வைத்துவிட்டாள்.' கணவன் மனைவியின் சொல் கேட்டால் வசிய மருந்து. மாமியார் நோயுற்றால் இடுமருந்து. பிள்ளை தாய்க்குப் பணம் தரவில்லையென்றால் அதற்கும் மருந்து. இந்த மருந்தை வைத்ததாக ஆண் எவன் மீதாவது பழி வந்ததுண்டா? எங்கோ ஓரிரண்டு. பெரும்பாலும் சமைப்பவள் மீதே வரும். நாள்தோறும் மூன்று வேளை பொங்கிப் போடுபவளைக் கொலைகாரியாக்க எவ்வளவு எளிய வழி!

இனி நடந்ததைச் சொல்வோம். பள்ளி முடிந்ததும் சிறுமியோடு அவள் வீட்டுக்குப் போனோம். நாம் மருத்துவர் அல்லர். "இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றால் சளியைச் சோதிக்க வேண்டும் அம்மா" என்று மட்டுமே சொன்னோம். அதற்கு முன்பே அவர் பலமுறை ஊசி போட்டுக்கொண்டிருந்தார். போட்டவர் படித்த மருத்துவரல்லர். அது தனிக் கதை. ஊசி போட்டால்தான் நாளைக்கு வேலைக்குப் போகலாம் என்பது நாட்கூலிக்காரரின் நம்பிக்கை. விழுங்கினாலே போதிய அளவு குருதியில் சேரும் மருந்தைத் தோலைத் துளைத்து ஏற்றுவதில் என்ன மிகுதி? வலி மிகுதி, காசு மிகுதி, அழுக்கு ஊசியானால் ஆபத்தும் மிகுதி. குஜராத்தில் மொடாசா வட்டாரத்தில் 2009இல், ஒருவருக்குப் போட்ட ஊசியையே மற்றவருக்கும் போட்டதால் மஞ்சட்காமாலைக் கிருமி பரவி எண்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். ஊசி தேவைப்படும் நோய் உண்டு. அதை மருத்துவர் சொல்லட்டும்.

அரசு மருத்துவமனையில் சளியைச் சோதித்தனர். காசநோய். இராபர்ட் காக் என்னும் செருமானியர் 1882 மார்ச்சு 24ஆம் நாள் உலகுக்கு அறிவித்த அதே கிருமி, 140 ஆண்டு கழித்தும் நம் தெருவில் மருமகள் என்னும் பெயரில் நடமாடியிருக்கிறது! இலவச மாத்திரை, ஆறு மாதம், ஒரு நாளும் தவறக்கூடாது. முதல்நாள் மாத்திரை உண்ட தாய் அன்றே அலறிவிட்டார். சிறுநீர் செம்மஞ்சளாகப் போகிறது! "பாத்தியா, மருந்து இறங்குது" என்று பக்கத்து வீட்டம்மாள் கூவினாராம். ஆம், இறங்கியது மருந்துதான். ரிஃபாம்பிசின் என்னும் மருந்து. காலையில் வெறும் வயிற்றில் விழுங்கியது குடலில் உறிஞ்சப்பட்டு, ஈரலைக் கடந்து, நுரையீரலில் கிருமியைத் தாக்கி, சில மணி நேரத்தில் தன் நிறத்தோடு வெளியே வருகிறது. வகுப்பில் நாம் விளக்கத் தடுமாறிய பாடத்தை அந்த மாத்திரை ஒரே பகலில் வீட்டுக்கே வந்து நடத்திக் காட்டிவிட்டது. இப்போது ஐந்தாம் மாதம். அவர் உடல் தேறிவருகிறது.

தேறியதும் அவர் போகவிருப்பது எங்கே? அதே மருந்து செலுத்தும் அறைக்கு! இங்கேதான் நம் சினம் மருந்து எடுப்பவரைத் தாண்டிப் போகிறது. காசநோய் கிருமியால் வருவது, தூசியால் அன்று. அதைக் குழப்ப மாட்டோம். ஆயினும் கல்லுடைக்கும் தொழிலாளரின் நுரையீரலில் படியும் சிலிக்காத் தூசி காசநோய்க்குக் கதவைத் திறந்துவிடுகிறது என்பது நிறுவப்பட்ட உண்மை. அலுமினியப் பொடியோ இரண்டாம் உலகப் போர்க் காலத்துச் செருமனியில், அதைக் கையாண்ட தொழிலாளரின் நுரையீரலை வடுப்படுத்திச் சுருக்கியது. அந்நோய்க்கு அலுமினியத்தின் பெயரையே மருத்துவர்கள் வைத்தனர். மிக நுண்ணிய தூள் மூச்சுக்குழாயின் சளியில் சிக்காமல் அடியில் உள்ள காற்றறைகள் வரை போகும். அந்தக் காற்றறைகளின் பரப்பை விரித்தால் ஒரு வீட்டின் தரை அளவு இருக்கும். கரையும் தூள் அங்கிருந்து நேரே குருதியில் சேரும். கரையாதது அங்கேயே தங்கும். ஆண்டுக்கணக்கில் தங்கும். ஊர் தேடிய 'ஆண்டுக்கணக்கில் கிடக்கும் மருந்து' இதோ! வயிற்றில் தேடினார்கள், அது நெஞ்சில் இருக்கிறது.

சோற்றில் கலந்ததும் பொய்யன்று. அந்த அம்மையாரைக் கேட்டோம்: "மதியம் சாப்பிடும் முன் கை கழுவ என்ன வசதி?" ஒரு வாளித் தண்ணீர், இருபது பேர், சோப்பு இல்லை. பேரியம் உப்பும் கந்தகமும் ஒட்டிய விரல்களால் சோற்றைப் பிசைந்து உண்டிருக்கிறார், ஆண்டுக்கணக்கில், தன் கையாலேயே. இடுமருந்து இட்டது யார்? தாய்வீட்டில் கண்ணீரோடு இருக்கும் அந்தப் பெண்ணா? ஒரு தண்ணீர்க் குழாயும் ஒரு சோப்பும் ஒரு முகக்கவசமும் வைக்க மனம் வராத முதலாளியா?

2012 செப்டம்பர் 5ஆம் நாள் முதலிப்பட்டியில் ஏறத்தாழ 40 உயிர்கள் கருகின. 2021 பிப்ரவரியில் அச்சங்குளத்தில் இருபதுக்கு மேல். அன்று நாடு அழுதது, அழத்தான் வேண்டும். ஆனால் வெடித்தால் ஒரு நாள் செய்தி. வெடிக்காமல் மூச்சில் இறங்கும் மருந்துக்குச் செய்தியும் இல்லை, கணக்கும் இல்லை. 2015இல் தில்லிக் குழந்தைகள் மூவர் பெயரால் உச்சநீதிமன்றத்தில் வழக்கு வந்தது. அதன் விளைவாக 2018 அக்டோபரில் பேரியம் உப்புகள் கலந்த பட்டாசுக்குத் தடை பிறந்தது. 2021 அக்டோபரில் நீதிமன்றம் அத்தடையை மீண்டும் வலியுறுத்தியது. குழந்தைகள் நீடு வாழட்டும்! தீபாவளிக்கு ஓரிரு நாள் புகை நுகரும் நுரையீரலுக்காக நீதிமன்றம் திறந்தது. ஆண்டு முழுதும் அந்த மருந்தின் நடுவில் உட்கார்ந்திருக்கும் நுரையீரலுக்காக எந்தக் கதவு திறந்தது?

ஆலையை மூடு என்பதல்ல நம் பேச்சு. மூடினால் இந்த மானாவாரிப் பூமியில் அடுப்பு எரியாது என்பதை அறிவோம். தொழிலைக் கொல்லாமல் நஞ்சை மட்டும் விலக்க முடியும் என்பதற்குத் தீப்பெட்டியே சான்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெண்பாஸ்பரத்தின் ஆவியை முகர்ந்த தீப்பெட்டித் தொழிலாளருக்குத் தாடை எலும்பே அழுகி விழுந்தது. 1888இல் இலண்டனில் தீப்பெட்டி ஆலைப் பெண்கள் வேலைநிறுத்தம் செய்தனர். 1906இல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் நாடுகள் கூடி அந்தப் பொருளை விலக்க உடன்பட்டன. 1913இல் இந்தியாவிலும் சட்டம் வந்தது. பத்தாண்டு கழித்துச் சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் தொடங்கியபோது அந்த நஞ்சு சட்டப்படி விலக்கப்பட்டிருந்தது. நம் பாட்டிகளின் தாடை தப்பியது எவருடைய வேண்டுதலால்? எந்தக் குழாய் அதை உறிஞ்சி எடுத்தது?

ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசகர் வட்டத் தோழர்கள் நால்வரோடு மருந்து எடுப்பவர் வீட்டுக்குப் போனோம். மந்திர மருத்துவ விளம்பரத்தைத் தடுக்க 1954இலேயே சட்டம் உண்டு என்பதை மரியாதையாக எடுத்துச் சொன்னோம். பின்பு நம் தோழர் ஒருவர் பாயில் படுத்துக்கொண்டார். "ஐயா, எங்கள் முன்னால் வாயைக் கொப்பளித்துக் காட்டிவிட்டு இவர் வயிற்றிலிருந்து எடுங்கள், கூலி இரட்டிப்பாகத் தருகிறோம்" என்றோம்.

அவர் நம்மை மேலும் கீழும் பார்த்தார். "நம்பிக்கை இல்லாதவங்க நிக்கிற எடத்துல மருந்து வராது, தம்பி" என்றார்.

"பாராசிட்டமால் நம்பாதவனுக்கும் காய்ச்சலைத் தணிக்கிறதே, ஐயா?"

கதவு சாத்தப்பட்டது. சுவரில் இருந்த எழுத்து மட்டும் அடுத்த வாரம் சுண்ணாம்பால் மறைக்கப்பட்டிருந்தது. ஆள் வருகை குறைந்ததாகத் தெரியவில்லை.

அச்சகத்து இளைஞன் மனைவியை அழைத்துவரப் போனான். தாய்தான் அனுப்பினார், "புத்தி கெட்டுப்போய்ச் சொல்லிட்டேன், கூட்டிட்டு வா" என்றாராம். பெண் வரவில்லை. அவள் சொல்லியனுப்பியதைச் சிறுமி நம்மிடம் வந்து அப்படியே ஒப்பித்தாள்: "தெருவுல வெச்சுத்தான என்னைய மருந்து வெச்சவன்னு சொன்னாங்க? அதே தெருவுல வெச்சு, அதே ஆளுக முன்னால, இல்லைன்னு சொல்லட்டும். அன்னைக்கி வாரேன்."

தாய் சொல்ல ஒப்பினார். தெருப் பெரியவர்களோ கூட மறுக்கிறார்கள். இதற்கெல்லாம் எதற்குக் கூட்டம் என்கிறார்கள். அன்று பழி சொல்லக் கூடியவர்களும் அவர்களேதான்.